கை நடுக்கம் மட்டும்தானா பார்க்கின்சன்? ராத்திரி முழிப்பு, பகலில் தூக்கம்... உடம்பின் கடிகாரம் எங்கே தடுமாறுகிறது?

ராத்திரி 1 மணிக்கு அப்பா எழுந்து கட்டிலில் உட்கார்ந்துகொள்கிறார். 3 மணிக்கு மறுபடியும். காலையில் பேப்பரைக் கையில் வைத்தபடியே தூங்கிவிடுகிறார். "பகல்ல தூங்கினா ராத்திரி எப்படி தூக்கம் வரும்?" என்று வீட்டில் ஆளாளுக்குத் திட்டு. அவரும் "வயசாச்சுல்ல" என்று சொல்லி முடித்துவிடுகிறார்.

பார்க்கின்சன் நோய் இருப்பவர்களின் வீடுகளில் இது ரொம்ப சாதாரணமாக நடக்கும் காட்சி. கை நடுக்கத்துக்கு மாத்திரை வாங்குகிறோம், நடை தடுமாறினால் டாக்டரிடம் ஓடுகிறோம். ஆனால் தூக்கத்தைப் பற்றி மட்டும் யாரும் டாக்டரிடம் பேசுவதில்லை. அது வயசுக் கோளாறு, இல்லையென்றால் பிடிவாதம் என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம்.

உண்மையில் அதுவும் நோயின் ஒரு பகுதிதான். நம் எல்லோர் உடம்புக்குள்ளும் ஓடிக்கொண்டிருக்கும் 24 மணி நேரக் கடிகாரம் பார்க்கின்சனில் பலவீனமாகிறது. அதைச் சரிசெய்யக் கொஞ்சம் வழியும் இருக்கிறது. எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

பார்க்கின்சன்: ஒரு சின்ன அறிமுகம்

லண்டனைச் சேர்ந்த டாக்டர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-ல் ஒரு சிறு நூலை வெளியிட்டார். கை நடுக்கம், முன்பக்கம் குனிந்த நடை என ஒரே மாதிரி அறிகுறிகள் இருந்த ஆறு பேரைப் பற்றிய குறிப்பு அது. அவர்களில் சிலரை அவர் தெருவில் பார்த்து கவனித்தார். பிற்காலத்தில் அவர் பெயரே நோய்க்கு வந்தது. அவர் பிறந்த ஏப்ரல் 11-ம் தேதிதான் இன்று உலக பார்க்கின்சன் தினம்.

இன்னொரு விஷயம். நோய் முற்றும்போது தூக்கம் ரொம்பக் கெட்டுப்போகிறது என்பதையும் அவர் அன்றே எழுதிவைத்துவிட்டார். 200 வருஷத்துக்கு முன்பே பதிவான அறிகுறி இது.

மூளையின் நடுப்பகுதியில் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் இருக்கின்றன. உடல் அசைவு சீராக இருக்க டோபமைன் வேண்டும். பார்க்கின்சனில் இந்தச் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிகின்றன. அதனால் நடுக்கம், தசை இறுக்கம், அசைவில் மந்தம் எல்லாம் வருகின்றன. 2019 கணக்குப்படி உலகம் முழுக்க 85 லட்சத்துக்கும் அதிகமானோர் இந்த நோயுடன் வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

உடம்புக்குள் கடிகாரமா?

பள்ளிக்கூடத்தில் தமிழ் இலக்கணம் படித்தபோது 'சிறுபொழுது ஆறு' என்று மனப்பாடம் செய்திருப்போம். காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம், வைகறை என ஒரு நாளை ஆறாகப் பிரித்தார்கள். நம் உடம்பும் கிட்டத்தட்ட அப்படித்தான் நாளைப் பிரித்து வேலை செய்கிறது.

வைகறையில், நாம் எழுவதற்கு முன்பே கார்டிசால் என்ற ஹார்மோன் ஏற ஆரம்பிக்கும். காலையில் ரத்த அழுத்தம் கூடும். எற்பாடு நேரத்தில், அதாவது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, லேசாகக் கண்ணைச் சுழற்றும். மாலை இருட்டத் தொடங்கியதும் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரக்கும். "ராத்திரி வந்தாச்சு" என்று உடம்புக்குச் சொல்லும் தகவல் அது. யாமத்தில் ரத்த அழுத்தம் இறங்கும், உடல் வெப்பமும் தணியும்.

இதையெல்லாம் நடத்துவது மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் இருக்கும் ஒரு குட்டிச் செல் கூட்டம். பெயர் சூப்ராகயாஸ்மேட்டிக் நியூக்ளியஸ். சுமார் 20,000 நரம்பு செல்கள்தான். நாம் இதைத் 'தலைமைக் கடிகாரம்' என்று வைத்துக்கொள்ளலாம்.

தலைமை என்று ஒன்று இருந்தால் கிளைகளும் இருக்குமே? இருக்கின்றன. கல்லீரல், இதயம், குடல், ரத்த செல்கள் என உடம்பின் ஏறக்குறைய எல்லா செல்களிலும் சின்னச் சின்னக் கடிகாரங்கள் ஓடுகின்றன. சில மரபணுக்கள் 24 மணி நேரத்துக்கு ஒரு சுற்றாக வேலை செய்வதும் நிறுத்துவதுமாக இருப்பதுதான் இந்தக் கடிகாரத்தின் முள். பழ ஈக்களை வைத்து இதைக் கண்டுபிடித்ததற்காக ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

மனிதர்களின் உள் கடிகாரம் சரியாக 24 மணி நேரம் ஓடுவதில்லை. சராசரியாகச் சில நிமிடங்கள் கூடுதலாகவே ஓடுகிறது. பழைய சுவர்க்கடிகாரம் மாதிரி தினமும் திருத்திவைக்க வேண்டும். திருத்துவது யார்? சூரிய வெளிச்சம். நம் கண்ணின் விழித்திரையில், பார்ப்பதற்கு உதவும் செல்களைத் தவிர, வெளிச்சத்தின் அளவை மட்டும் அளந்து தலைமைக் கடிகாரத்துக்கு அனுப்பும் தனி செல்கள் இருக்கின்றன. மெலனாப்சின் என்ற நிறமி அவற்றில் இருக்கும்.

பார்க்கின்சனில் எது பழுதாகிறது?

ஆராய்ச்சிகளில் மூன்று இடங்களில் பழுது தெரிகிறது.

முதல் இடம் கண். விழித்திரையிலும் டோபமைன் செல்கள் உண்டு. பார்க்கின்சன் அவற்றையும் பாதிக்கிறது. நோயால் இறந்தவர்களின் கண்களை ஆராய்ந்து 2018-ல் வெளியான ஆய்வில், வெளிச்சத்தை அளக்கும் மெலனாப்சின் செல்களும் குறைந்திருந்தது தெரியவந்தது. அதாவது, கடிகாரத்துக்கு வெளிச்சத் தகவல் போகிற வாசலே குறுகிவிடுகிறது.

இரண்டாவது இடம் மெலடோனின். அமெரிக்காவில் பார்க்கின்சன் இருக்கும் 20 பேரையும் நோய் இல்லாத 15 பேரையும் மங்கலான வெளிச்சம் உள்ள அறையில் வைத்து, 24 மணி நேரமும் அரை மணிக்கு ஒருமுறை ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2014-ல் வெளியானது. நோய் உள்ளவர்களுக்கு ராத்திரி ஏற வேண்டிய மெலடோனின் தெளிவாகக் குறைந்திருந்தது. அதிலும் பகலில் அதிகம் தூங்கி வழிபவர்களுக்கு ஏற்ற இறக்கம் இன்னும் மங்கலாக இருந்தது.

மூன்றாவது இடம் செல்லுக்குள் இருக்கும் கடிகார மரபணுக்கள். அதே 2014-ல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள், நோயின் ஆரம்பக் கட்டத்தில் இருந்த 30 பேரைப் பரிசோதித்தார்கள். பி-மால்-1 என்ற முக்கியமான கடிகார மரபணுவின் வேலை நேரத்துக்குத் தக்கபடி ஏறி இறங்க வேண்டும். இவர்களின் ரத்த செல்களில் அந்த ஏற்ற இறக்கம் காணோம். மெலடோனின் குறைவாகவும் கார்டிசால் அதிகமாகவும் இருந்தன.

இதை ஒரு பள்ளிக்கூட மணி மாதிரி யோசிச்சுப் பாருங்க. மணி நேரத்துக்கு அடிக்கிறது. ஆனால் சத்தம் மெல்லமாகக் கேட்கிறது. சில வகுப்புகள் உள்ளே போகின்றன, சில இன்னும் மைதானத்தில் விளையாடுகின்றன. பார்க்கின்சன் உடம்பிலும் அதே கதைதான். கடிகாரம் நின்றுவிடுவதில்லை, அதன் குரல் தாழ்ந்துபோகிறது. பகல் முழுப் பகலாகவும் இல்லை, இரவு முழு இரவாகவும் இல்லை.

ராத்திரியில் என்னென்ன நடக்கும்?

கடிகாரத்தின் தடுமாற்றம் ஒரு பக்கம். நோயின் மற்ற அறிகுறிகளும் சேர்ந்துகொள்ளும்போது இரவு இன்னும் கஷ்டமாகிறது.

* மாத்திரையின் வேகம் குறைவது: பார்க்கின்சனுக்கு முக்கிய மருந்து லெவோடோபா. அது ரத்தத்தில் சில மணி நேரம்தான் தாக்குப்பிடிக்கும். இரவு 8 மணிக்குப் போட்டால் நடு இரவில் உடம்பு இறுகிவிடும். புரண்டு படுக்கக்கூட முடியாமல் விழித்துக்கொள்வார்கள்.

* அடிக்கடி சிறுநீர்: ராத்திரி மூன்று, நான்கு முறை எழுந்திருக்க வேண்டியிருக்கும். எழும்போது விழும் ஆபத்தும் உண்டு.

* தலைகீழாகும் ரத்த அழுத்தம்: எழுந்து நின்றால் அழுத்தம் சட்டென இறங்கித் தலைசுற்றும். படுத்தால் ஏறும். இரவில் இறங்க வேண்டிய அழுத்தம் சிலருக்கு இறங்காமலே இருக்கும்.

* கனவை நடித்துக்காட்டுவது: சாதாரணமாகக் கனவு காணும் நேரத்தில் நம் கை கால் தசைகள் கட்டிப்போட்டது போல இருக்கும். சிலருக்கு அந்தக் கட்டு அவிழ்ந்துவிடுகிறது. தூக்கத்திலேயே கத்துவது, உதைப்பது, பக்கத்தில் படுத்திருப்பவரை அடிப்பது எல்லாம் நடக்கும். காலையில் கேட்டால் "நான் அப்படிப் பண்ணலையே" என்பார்கள். பொய் சொல்லவில்லை, அவர்களுக்கு உண்மையிலேயே தெரியாது.

* குழப்பமும் மாயக் காட்சியும்: மாலை மங்கும்போது சிலருக்குக் குழப்பம் கூடும். இல்லாத ஆளைப் பார்த்ததாகச் சொல்வார்கள்.

இத்தனைக்கும் பிறகு பகலில் தூக்கம் வராமல் எப்படி இருக்கும்? போதாக்குறைக்கு பிரமிபெக்ஸோல், ரோபினிரோல் போன்ற சில பார்க்கின்சன் மாத்திரைகளே சிலருக்குப் பகலில் திடீரெனத் தூக்கத்தை வரவழைக்கும். வண்டி ஓட்டுபவராக இருந்தால் இது விளையாட்டு இல்லை. உடனே டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

நோய் வந்ததால் கடிகாரம் கெட்டதா? கடிகாரம் கெட்டதால் நோய் வந்ததா?

ஆராய்ச்சியாளர்களை அதிகம் யோசிக்கவைக்கும் கேள்வி இதுதான். ஏனென்றால் தூக்கக் கோளாறு சில நேரம் நடுக்கத்துக்குப் பல வருஷம் முன்பே வந்துவிடுகிறது.

கனவை நடித்துக்காட்டும் கோளாறை எடுத்துக்கொள்வோம். 24 மருத்துவ மையங்களில் இந்தக் கோளாறு உறுதியான 1,280 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2019-ல் வெளியானது. 12 வருஷத்துக்குள் நால்வரில் சுமார் மூவருக்கு பார்க்கின்சனோ, அதைச் சார்ந்த மறதி நோயோ வரக்கூடும் என்று அதில் கணக்கிட்டார்கள்.

இன்னொரு ஆய்வு 2020-ல் வந்தது. அமெரிக்காவில் 2,930 முதியவர்களின் கையில் கடிகாரம் போன்ற ஒரு கருவியைக் கட்டி, அவர்கள் எப்போது நடமாடுகிறார்கள், எப்போது ஓய்வெடுக்கிறார்கள் என்று பதிவு செய்தார்கள். எல்லோரும் ஆண்கள். அப்போது யாருக்கும் பார்க்கின்சன் கிடையாது. அடுத்த 11 வருஷத்தில் 78 பேருக்கு நோய் வந்தது. பகல், இரவு வித்தியாசம் ரொம்பக் குறைவாக இருந்தவர்களுக்கு, நல்ல வித்தியாசம் இருந்தவர்களைவிட சுமார் 3 மடங்கு அதிக வாய்ப்பு இருந்தது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். 2,930 பேரில் 78 பேர் என்றால் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. தூக்கம் சரியில்லாத எல்லோருக்கும் பார்க்கின்சன் வந்துவிடும் என்று அர்த்தம் இல்லை. வேலை ஷிஃப்ட், செல்போன், கவலை, சர்க்கரை நோய் என்று தூக்கம் கெட ஆயிரம் காரணம் உண்டு. ஆனால் 50 வயதைக் கடந்த ஒருவர் தூக்கத்தில் அடிக்கடி கத்தி, கை கால் வீசினால், "கெட்ட கனவு" என்று திருநீறு பூசிப் படுக்க வைப்பதோடு நிறுத்தாமல் நரம்பியல் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

முட்டையா கோழியா என்ற கேள்விக்கு முடிவான பதில் இன்னும் வரவில்லை. நோய் கடிகாரத்தைக் கெடுக்கிறது, கெட்ட தூக்கம் நோயாளியை இன்னும் தளர்த்துகிறது என இரண்டு பக்கமும் நடக்கலாம் என்பதே பல ஆராய்ச்சியாளர்களின் எண்ணம்.

வெளிச்சமே மருந்தாகுமா?

மணிச்சத்தம் குறைந்துவிட்டது என்றால், சத்தத்தைக் கூட்ட முடியுமா? கடிகாரத்துக்குப் புரியும் ஒரே பெரிய பாஷை வெளிச்சம். அதையே முயன்று பார்த்தார்கள்.

2017-ல் வெளியான அமெரிக்க ஆய்வு இது. பகலில் அதிகம் தூங்கி வழியும் 31 பார்க்கின்சன் நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு 10,000 லக்ஸ் அளவுள்ள பிரகாசமான விளக்கு. இன்னொரு குழுவுக்கு மங்கலான சிவப்பு விளக்கு. காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் என 14 நாட்கள் அதன் முன்னால் உட்கார வேண்டும். பிரகாசமான விளக்கின் முன் உட்கார்ந்தவர்களுக்குப் பகல் தூக்கம் குறைந்தது, இரவுத் தூக்கத்தின் தரமும் கூடியது.

31 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். இதை வைத்து நோய் குணமாகும் என்று சொல்ல முடியாது, யாரும் சொல்லவும் இல்லை. ஆனால் பலவீனமான கடிகாரம் வெளிச்சத்துக்கு இன்னும் காதுகொடுக்கிறது என்பது தெரிகிறது. அதுவே நல்ல செய்தி.

லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு. நம் வீட்டு ஹாலில் டியூப்லைட் வெளிச்சம் சில நூறு லக்ஸ் இருக்கும். மேகம் மூடிய பகலில் வெளியே நின்றாலே பல ஆயிரம் லக்ஸ். நல்ல வெயிலில் அது ஒரு லட்சம் வரை போகும். விஷயம் என்னவென்றால், பார்க்கின்சன் வந்தவர்கள் விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் வீட்டுக்குள்ளேயே, பல நேரம் ஜன்னல் சாத்திய அறையிலேயே இருந்துவிடுகிறார்கள். பகலிலும் இருட்டு, ராத்திரி டிவி வெளிச்சம். ஏற்கெனவே தடுமாறும் கடிகாரம் என்ன செய்யும்?

வீட்டில் என்ன செய்யலாம்?

1. காலை வெளிச்சம்: எழுந்த கொஞ்ச நேரத்திலேயே வாசல், திண்ணை, பால்கனி, மொட்டை மாடி என எங்கே பாதுகாப்பாக உட்கார முடியுமோ அங்கே அரை மணி நேரமாவது உட்கார வையுங்க. காபியும் பேப்பரும் அங்கேயே இருக்கட்டும். சூரியனை நேராகப் பார்க்க வேண்டாம், உச்சி வெயிலும் வேண்டாம். விளக்குச் சிகிச்சை என்றால் டாக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. விழித்திரைப் பிரச்சனை இருப்பவர்கள் கண் டாக்டரையும் கேட்கணும்.

2. நேரம் மாறக் கூடாது: எழுவது, சாப்பிடுவது, நடப்பது, படுப்பது எல்லாம் தினமும் ஒரே நேரத்தில். ஞாயிற்றுக்கிழமைக்கும் லீவு கிடையாது.

3. பகல் தூக்கத்துக்கு அளவு: மதியம் 3 மணிக்கு முன்னால், அரை மணி நேரத்துக்குள் ஒரு குட்டித் தூக்கம் போதும்.

4. பகலில் அசைவு: டாக்டர் சொன்ன உடற்பயிற்சியை முற்பகலில் வைத்துக்கொள்ளலாம். சாயங்கால நடைக்குத் துணைக்கு ஒருவர் இருப்பது நல்லது.

5. மாலைக்குப் பிறகு இருட்டு: இரவு 9 மணிக்கு மேல் விளக்குகளைக் குறைங்க. செல்போன், டிவி வெளிச்சமும் குறையட்டும். ஆனால் பாத்ரூம் போகும் வழியில் தரையை ஒட்டி ஒரு சின்ன விளக்கு எரியணும். விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும்.

6. படுக்கை: தூக்கத்தில் கை கால் வீசுபவராக இருந்தால் கட்டில் தாழ்வாக இருக்கட்டும். கண்ணாடி, மேஜை முனை போன்றவை பக்கத்தில் வேண்டாம். துணைவர் கொஞ்ச நாள் தனிப் படுக்கையில் படுப்பதில் தப்பே இல்லை.

மாத்திரை விஷயத்தில் கவனம்

தூக்கம் வரவில்லை என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டுத் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்காதீங்க. பல தூக்க மாத்திரைகள் முதியவர்களைத் தடுமாறி விழவைக்கும், குழப்பத்தையும் கூட்டும். மெலடோனின் மாத்திரையும் டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில்தான்.

ராத்திரிக் குழப்பத்துக்காக வேறு ஆஸ்பத்திரிக்குப் போனால், "இவருக்கு பார்க்கின்சன் இருக்கு" என்று முதலிலேயே சொல்லிடுங்க. ஹாலோபெரிடால் போன்ற சில மருந்துகளும், வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடும் பார்க்கின்சன் அறிகுறிகளை மோசமாக்கும்.

அதே நேரம், லெவோடோபாவை நீங்களே நிறுத்தவோ கூட்டவோ கூடாது. திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. இரவு நேர இறுக்கத்துக்கு நீண்ட நேரம் வேலை செய்யும் மாத்திரை தரலாமா, செலிஜிலின், அமாண்டடின் போன்ற தூக்கத்தைக் கலைக்கக்கூடிய மாத்திரைகளைக் காலைக்கு மாற்றலாமா என்பதெல்லாம் டாக்டர் முடிவு செய்ய வேண்டியது.

டாக்டரிடம் என்ன சொல்லணும்?

ஓ.பி.யில் டாக்டர் நம்மைப் பார்ப்பது சில நிமிடங்கள்தான். அதற்குள் இரவு முழுக்க நடந்ததைச் சொல்லணும் என்றால் ஒரு நோட்டு வேண்டும். ஒரு வாரத்துக்கு இதை மட்டும் எழுதி எடுத்துப்போங்க:

* எத்தனை மணிக்குப் படுத்தார், எத்தனை மணிக்கு எழுந்தார்?
* நடுவில் எத்தனை முறை விழித்தார்? எதனால்? சிறுநீரா, இறுக்கமா, வலியா, கனவா?
* தூக்கத்தில் பேசினாரா, உதைத்தாரா, குறட்டை விட்டாரா?
* பகலில் எப்போதெல்லாம் தூங்கினார்?
* ஒவ்வொரு மாத்திரையும் சரியாக எத்தனை மணிக்கு?

இந்த ஒரு பக்கத்தைப் பார்த்தாலே, இது கடிகாரப் பிரச்சனையா, மாத்திரை நேரப் பிரச்சனையா, சிறுநீர்ப் பிரச்சனையா என்று பிரித்துப் பார்ப்பது டாக்டருக்கு எளிது. ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு வேறு.

கூடவே விழித்திருக்கும் இன்னொருவர்

கடைசியாக ஒன்று. அப்பா நாலு முறை எழுந்தால் அம்மாவும் நாலு முறை எழுகிறார். பகலில் அப்பா தூங்கும்போது அம்மா சமையலறையில் நிற்கிறார். அவருக்குத் தூக்கத்தை ஈடுகட்ட நேரமே இல்லை. வாரத்தில் ரெண்டு ராத்திரியாவது பிள்ளைகள் முறைபோட்டு அப்பா பக்கத்தில் படுத்தால், அம்மா வேறு அறையில் முழுசாகத் தூங்குவார்.

நாளைக்கு அப்பா பேப்பரோடு தூங்கி விழும்போது, "மறுபடியும் தூக்கமா?" என்று கேட்பதற்குப் பதிலா, நாற்காலியை வாசல் வெளிச்சத்துக்கு நகர்த்திப் போட்டு, "வாங்கப்பா, இங்க உட்காருங்க" என்று சொல்லிப் பாருங்க. அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது ராத்திரியைப் பற்றியும் மறக்காமல் பேசுங்க.